துவிச்சக்கரவண்டியும் தலைக்கவசமும்: நல்லூரை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் வருடாந்த மகோற்சவம் 25 நாட்கள் நடைபெறுவது. அந்நாட்களிற் கோயிலைச் சூழவுள்ள வீதிகள் வாகனப் போக்குவரத்துக்கு மூடப்படும். அயல்வீட்டு வளவுகள் துவிச்சக்கரவண்டிகளைக் காக்கும் இடங்களாக மாறும். இலக்கமிட்ட துண்டொன்றைப் பெற்று வண்டியை ஒப்படைத்துவிட்டு அடியார்கள் நடந்து செல்வர். இன்று அவ்வளவுகளில் மோட்டார்ச் சைக்கிள்களே மிகுதி. சிறுவரைத் துவிச்சக்கரவண்டி ஓட ஊக்குவித்தல் தகுமா, தகுமெனின் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கல் வேண்டுமா என்னும் வினாக்களை இம்மாற்றத்தின் வரலாற்றோடு வைத்தே நோக்குதல் பொருத்தமாகும்.

யாழ்ப்பாணக் குடாநாடு மேடுபள்ளமற்ற சுண்ணக்கற் தரை. இத்தரையிற் துவிச்சக்கரவண்டி வேரூன்றியது வியப்பன்று. றலி, ஹம்பர் முதலிய ஆங்கிலேய வண்டிகள் தந்தையிடமிருந்து மகனுக்குக் கைமாறும் முதுசொம்போலப் பேணப்பட்டன. சிறுவருக்கெனத் தனி வண்டி வாங்கும் வசதி பலருக்கு இருக்கவில்லை. ஆசனத்தை எட்டாத சிறுவன் தந்தையின் வண்டிச் சட்டத்தின் கீழாக ஒரு காலை நுழைத்து, உடலைச் சரித்து, பாதிச்சுற்று மிதித்தே பழகினான். முழங்காற் காயம் அக்கல்வியின் ஒரு பகுதியாகவே கொள்ளப்பட்டது. பெண்பிள்ளைகளும் வண்டியிற் பாடசாலைக்குச் சென்றனர். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் 1990களின் தொடக்கத்திற் பெண்களுக்குத் துவிச்சக்கரவண்டி பழக்கியமை ஒரு சமூகப் புரட்சியாகப் போற்றப்பட்டது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்து மாணவியருக்கு அது அன்றாட வழமையாயிருந்தது.

1990ஆம் ஆண்டு இவ்விடயத்தில் ஒரு விந்தையான ஒப்புமையைத் தருகின்றது. அவ்வாண்டு ஜூலை முதலாம் நாள் அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலம், துவிச்சக்கரவண்டி ஓட்டும் யாவரும் தலைக்கவசம் அணிதல் வேண்டுமென உலகிற் முதன்முதலாகச் சட்டம் நடைமுறைப்படுத்திற்று. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னரே இலங்கையில் யுத்தம் மீண்டும் மூண்டிருந்தது. தொடர்ந்து வந்த பொருளாதாரத் தடையினாற் குடாநாட்டிற்குப் பெற்றோல் வருவது நின்றது. சில வாகனங்கள் மண்ணெண்ணெயிற் புகைகக்கி ஓடின. எஞ்சிய போக்குவரத்து யாவும் துவிச்சக்கரவண்டியின் மேல் விழுந்தது. விறகும் நோயாளியும் அதிலேயே சென்றனர். மின்சாரமற்ற இரவுகளிற் சில்லைச் சுழற்றி, டைனமோவின் மின்னால் வானொலிச் செய்தி கேட்டனர். மோட்டார் வாகனம் அருகிய அவ்வீதிகளிற் சிறுவர் மோதுண்டு இறக்கும் அச்சம் குறைந்திருந்தது. ஆயினும் அதனைப் பொற்காலமெனக் கொள்ளுதல் பெருந்தவறு. அச்சம் வானிலிருந்து வந்தது. விமான இரைச்சல் கேட்டதும் வண்டியைப் போட்டுவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடவேண்டியிருந்தது. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, வண்டிகள் ஓட்டப்படவில்லை, உருட்டப்பட்டன. 1996 செப்ரெம்பர் 7இல், பரீட்சை எழுதிவிட்டுத் துவிச்சக்கரவண்டியில் வீடு திரும்பிய சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி ஒருத்தி, நல்லூருக்கு அயலிலுள்ள செம்மணிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டுப் பின்னர் கொலையுண்டாள். அதன்பின் மகளைத் தனியே வண்டியில் அனுப்புவதற்கு அஞ்சிய பெற்றோருக்கு எந்தத் தலைக்கவசமும் ஆறுதலளித்திருக்க முடியாது.

தலைக்கவசத்தை ஆதரிப்போரின் வாதம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. 1989இல் அமெரிக்காவின் சியாற்றில் நகர ஆய்வு, அது தலைக்காய அபாயத்தை 85 சதவீதம் குறைப்பதாகக் கூறிற்று. பின்வந்த ஆய்வுகள் அவ்வளவைக் குறைத்து மதிப்பிட்டனவாயினும், விழும்போது அது பயன்தரும் என்பதை மறுக்கவில்லை. மறுதரப்பார் சட்டத்தின் விளைவையே சுட்டினர். விக்ரோறியாச் சட்டத்தின் முதலாண்டில் மெல்பேண் நகரிற் வண்டியோட்டிய பதின்பருவத்தினர் 40 சதவீதத்துக்கு மேற் குறைந்தமை கணக்கெடுப்பிற் தெரியவந்தது. தலைக்காயங்களும் குறைந்தன, அது கவசத்தினாலோ, ஓட்டுவோர் அருகியதாலோ என்பது இன்றுவரை தீராத வழக்கு. சுவீடன் 2005இல் 15 வயதுக்குட்பட்டோருக்கு மட்டும் சட்டமியற்றிற்று. மெக்சிக்கோ நகரம் 2010இற் தன் சட்டத்தையே நீக்கிற்று.

நெதர்லாந்தின் வழி வேறு. 1971இல் அங்கு வீதி விபத்துக்களிற் 400க்கு மேற்பட்ட சிறுவர் மாண்டனர். 'சிறுவர் கொலையை நிறுத்துக' என்ற முழக்கத்தோடு பெற்றோர் தெருவிலிறங்கினர். அவர்கள் கேட்டது கவசமன்று. மோட்டார் வாகனத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதும் வண்டிகளுக்குத் தனிப்பாதை அமைப்பதுமே.

நல்லூருக்கு மீள்வோம். 2002 ஏப்ரிலில் ஏ-9 பாதை திறக்கப்பட்டதும், பின்னர் 2009இல் யுத்தம் முடிந்ததும் மோட்டார்ச் சைக்கிள்கள் தவணைக் கொள்வனவிற் பெருகின. விரிவாக்கப்பட்ட வீதிகள் வேகத்தைக் கூட்டின. பள்ளிக்கும் தனியார் வகுப்புக்கும் தானே மிதித்துச் சென்ற பிள்ளைகளுட் பலர், தந்தையின் பின்னிருக்கைக்கோ முச்சக்கரவண்டிக்கோ மாறினர். 2022இன் எரிபொருட் தட்டுப்பாட்டிற் துவிச்சக்கரவண்டி மீண்டும் தேடப்பட்டது, விலையும் பன்மடங்காயிற்று. தட்டுப்பாடு நீங்கவே அத்தேடலும் தணிந்தது.

ஐரோப்பிய நியமத்திற் துவிச்சக்கரவண்டித் தலைக்கவசம் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வேக மோதலுக்கே சோதிக்கப்படுகின்றது. சரிந்து விழும் சிறுவனுக்கு அது போதுமானது. பருத்தித்துறை வீதியில் விரைந்து வரும் சிற்றூர்திக்கு எதிரே அதன் வலு சிறிது. பழகும் பருவத்திற் பிள்ளைக்கு அதனை அணிவிக்கும் பெற்றோர் நன்றே செய்கின்றனர். ஆனால், வேகத்தைக் கட்டுப்படுத்த முன்னரே அதனைச் சட்டமாக்குதல், ஊர்தியோட்டியின் பொறுப்பைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையிற் சுமத்துவதாகும். கவசம் வாங்க இயலாத வீட்டுப் பிள்ளையே முதலில் வண்டியை விடநேரிடும்.

இதற்கிடையே, காலைவேளையில் நல்லூர் வீதிகளில் வேறொரு காட்சி பரவலாகியுள்ளது. சட்டத்திற்கு அஞ்சித் தலைக்கவசம் அணிந்த தந்தை மோட்டார்ச் சைக்கிளைச் செலுத்த, அவருக்கு முன்னும் பின்னுமாக வெறுந்தலையுடன் சீருடைச் சிறுவர் இருவர் அமர்ந்திருப்பர். அதுபற்றி எவரும் விவாதிப்பதில்லை.