கடிகாரம் சொன்ன சாட்சி

மோட்டார் விஷயத்தில் எனக்குள்ள ஞானம் வெகு சொற்பம். வண்டி நின்றுவிட்டால் இறங்கித் தள்ளுவது, ஓடினால் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது — இவ்வளவுதான் நான் அறிந்த மோட்டார் சாஸ்திரம். ஆனால் பழைய காகிதம் என்றால் எனக்கு ஒரு சபலம் உண்டு. நண்பர் ஒருவர், தம் பெரியப்பா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பழைய மோட்டார் பத்திரிகைக் கட்டு ஒன்றை என் முன்னால் வைத்தபோது, காபி ஆறிப்போவதையும் கவனிக்காமல் புரட்ட ஆரம்பித்துவிட்டேன்.

எல்லாம் 1960-களில் வந்த இதழ்கள். 'மஸில் கார்' என்று இன்று பெயர் பெற்றிருக்கும் வண்டிகளின் யுகம் அது. நம் பாஷையில் 'பயில்வான் கார்' என்று சொல்லிக்கொள்ளலாம். நடுத்தர வண்டியின் உடம்புக்குள் பெரிய வண்டியின் என்ஜினைத் திணித்து, இளைஞர்கள் கடன் வாங்கியாவது வாங்கக்கூடிய விலையில் விற்றார்கள். ஒவ்வொரு இதழிலும் ஒரு பரீட்சை முடிவு இருக்கும். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட எத்தனை விநாடி, கால் மைலைக் கடக்க எத்தனை விநாடி, கால் மைல் முடிவில் எத்தனை மைல் வேகம் என்று மூன்று கணக்குகள்.

"தசம ஸ்தானம் வரைக்கும் போட்டிருக்கிறானே, ஸார்! பொய்யாகவா இருக்கும்?" என்று கேட்டார் நண்பர்.

நியாயமான கேள்விதான். முழு எண்ணைச் சொல்கிறவனைவிடப் புள்ளி வைத்துச் சொல்கிறவனை நாம் உடனே நம்பிவிடுகிறோம். கதை எழுதுகிறவர்களுக்கு இந்த ரகசியம் நன்றாகத் தெரியும். 'ஒரு நாள் மாலை' என்று எழுதுவதைவிட 'மாலை ஐந்தே முக்கால் மணிக்கு' என்று எழுதினால் வாசகர் மறுபேச்சுப் பேசுவதில்லை!

அந்தக் கட்டில் மிகப் பிரசித்தமான இதழ் ஒன்று இருந்தது. 1964 மார்ச் மாதத்துக் 'கார் அண்ட் டிரைவர்'. அட்டையில் இரண்டு ஜி.டி.ஓ.க்களின் சித்திரம். ஒன்று இத்தாலிய தேசத்துப் பெராரி. மற்றொன்று அந்தப் பெயரையே இரவல் வாங்கி வைத்துக்கொண்ட அமெரிக்கப் பாண்டியாக். இரண்டுக்கும் போட்டி என்று ஆர்ப்பாட்டமாகப் போட்டிருந்தார்கள். உண்மையில் பெராரி அந்தப் பரீட்சைக்கு வரவே இல்லை. மாப்பிள்ளை வராமலே நடந்த கல்யாணம் போல, பாண்டியாக் மட்டும் ஓடிற்று. 60 மைல் வேகத்துக்கு 4.6 விநாடி; 100 மைலுக்கு 11.8 விநாடி, கால் மைலுக்கு 13.1 விநாடி, முடிவில் மணிக்கு 115 மைல் வேகம்.

அதே வண்டியின் திறந்த கூரை மாடல் ஒன்றை 'மோட்டார் டிரெண்ட்' பத்திரிகையும் சோதித்தது. 60 மைலுக்கு 7.7 விநாடி, கால் மைலுக்கு 15.8 விநாடி, முடிவில் 93 மைல். ஒரே பெயர், ஒரே வருஷத்து வண்டி. ஆனால் ஒன்று பாய்கிறது, மற்றொன்று ஓடுகிறது. எதை நம்புவது?

இங்கேதான் அந்த மூன்றாவது கணக்கு உதவிக்கு வருகிறது. கால் மைலைக் கடக்கும் நேரம் பல பேருடைய தயவில் இருக்கிறது. ஓட்டுகிறவன் கெட்டிக்காரனா, டயர் தரையைப் பற்றுகிறதா, பந்தயத் தளத்துக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்று எத்தனையோ உண்டு. பந்தயத் தளங்களில் வண்டி ஏறக்குறைய ஓரடி நகர்ந்த பிறகே ஒளிக்கதிர் விலகிக் கடிகாரம் புறப்படும். அதிலேயே கால் விநாடி வரை லாபம். ஆனால் கால் மைல் முடிவில் உள்ள வேகத்தை இப்படி எளிதில் ஏமாற்ற முடியாது. அது பெரும்பாலும் இரண்டே விஷயங்களைப் பொறுத்தது: என்ஜினின் பலம், வண்டியின் எடை.

பந்தயக்காரர்கள் வெகு காலமாகக் கையாளும் கணக்கு ஒன்று உண்டு. குதிரைத் திறனை எடையால் வகுத்து, அதன் கன மூலத்தை 234 ஆல் பெருக்கினால், கால் மைல் முடிவில் வண்டியின் வேகம் சுமாராகக் கிடைத்துவிடும். நண்பர் பென்ஸிலை எடுத்தார். ஓட்டுகிறவரோடு சேர்த்து வண்டி 3,600 ராத்தல் என்று வைத்துக்கொண்டு, 115 மைலிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டார். ஏறக்குறைய 425 குதிரைத் திறன் வந்தது!

பாண்டியாக் கம்பெனியே அந்த 389 கன அங்குல என்ஜினுக்கு விளம்பரத்தில் சொல்லிக்கொண்டது அதிகபட்சம் 348தான். அதுவும் அந்தக் காலத்து விளம்பரத் திறன், விசிறி போன்ற பளுக்களைக் கழற்றிவிட்டு, என்ஜினை மேடையில் நிறுத்தி அளந்தது. சாலையில் அதில் ஒரு பகுதி காணாமல் போகும். 1972 மாடல்களிலிருந்துதான் அமெரிக்கக் கம்பெனிகள் எல்லாப் பளுவோடும் அளந்த கணக்கைச் சொல்லத் தொடங்கின. அப்படியிருக்க, 348-க்குள் 425 எப்படி அடங்கும்?

பதில் 1998-இல் வந்தது. பாண்டியாக்கின் விளம்பர ஏஜென்ஸியில் இருந்தவரும், தாமே பந்தயம் ஓட்டுகிறவருமான ஜிம் வாங்கர்ஸ், 'குளோரி டேஸ்' என்ற தம் புத்தகத்தில் உண்மையை ஒப்புக்கொண்டார். பரீட்சைக்குப் போன காரில் இருந்தது 389 அல்ல. பெரிய வண்டிகளுக்குரிய 421 கன அங்குல என்ஜின். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். மூடியைத் திறந்து பார்த்தாலும் தெரியாது. போதாக்குறைக்கு, மிச்சிகன் மாகாணத்து ராயல் பாண்டியாக் என்னும் விற்பனை நிலையத்தார் அதைத் தனியாகச் சீர்படுத்தியும் கொடுத்திருந்தார்கள். அந்த 421-க்கும் விளம்பரக் கணக்கு 370தான் என்பதால், 115 மைல் அதற்கே கொஞ்சம் தாராளம்!

இதைப் படித்ததும், "அப்படியானால் இந்தக் கட்டு முழுவதும் பொய்" என்று நண்பர் மூட்டை கட்டப் போனார். நான் தடுத்தேன். ஏனென்றால் தவறு இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது.

1968-இல் போர்டு கம்பெனி தன் 428 கோப்ரா ஜெட் என்ஜினுக்கு 335 குதிரைத் திறன் என்று அடக்கத்தோடு அறிவித்தது. உண்மை அதற்கு மிக மேலே. பந்தயத்தில் எந்த வகுப்பில் ஓடலாம் என்பதையும், இன்ஷூரன்ஸ்காரர் எவ்வளவு கேட்பார் என்பதையும் அந்த அறிவிப்பு எண் பாதித்தது. ஆகவே அங்கே குறைத்துச் சொல்வதே லாபம். அந்த என்ஜின் பூட்டிய மஸ்டாங், 'ஹாட் ராட்' பத்திரிகையின் பரீட்சையில் கால் மைலை 13.56 விநாடியில் கடந்தது. முடிவில் 106 மைலுக்கு மேல் வேகம். 335 என்ற அடக்கம் அங்கே அம்பலமாயிற்று.

இன்னொரு புறம், அந்நாளைய குறுகிய டயர்கள் புகையைக் கிளப்பிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுழன்றதால், பல நல்ல வண்டிகள் தங்கள் பலத்துக்குக் குறைந்த மார்க்கே வாங்கின. 1990-களிலிருந்து மிச்சிகனில் அந்தக் காலத்து வண்டிகளுக்கென்றே பந்தயம் நடத்துகிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்பது விதி. பொறுமையாகச் சீர்செய்து, பழகிய கையால் ஓட்டும்போது, அவற்றில் பல, பழைய பத்திரிகைகள் அச்சிட்டதைவிட விரைவாகவே ஓடிவிடுகின்றன.

ஆகக்கூடி, கடிகாரம் பொய் சொல்லவில்லை. தன் முன்னால் ஓடியதை அது அளந்தது. ஓடியது எது, அனுப்பியவர் யார், அவருக்கு அதில் என்ன ஆதாயம் என்று அது கேட்கவில்லை. அதைக் கேட்டிருக்க வேண்டியவர் பத்திரிகைக்காரர்.

பாண்டியாக்கின் விற்பனைத் தலைவர் முதலில் 5,000 வண்டிகள் போகும் என்று எண்ணினார். அந்த முதல் வருஷத்தில் போனவை 32,450. அத்தனை பேரும் ஒரு பத்திரிகையைப் பார்த்துத்தான் வாங்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் தொழிற்சாலைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தவணையில் வாங்கிய ஒரு பையனாவது இருந்திருப்பான் என்று என் மனம் கற்பனை செய்கிறது. அவன் வண்டி கால் மைலுக்கு 15 விநாடி எடுத்துக்கொள்கிறது. எத்தனை முறை ஓட்டியும் அந்த 13.1 வரவில்லை. பத்திரிகையில் அச்சாகியிருக்கிறதே! ஆகவே வண்டியைச் சந்தேகிக்கவில்லை. தன் கையைத்தான் சந்தேகிக்கிறான். முப்பத்து நாலு வருஷத்துக்குப் பிறகு அந்தப் புத்தகம் அவன் கைக்குக் கிடைத்திருந்தால், வயசான காலத்தில் கோபப்பட்டிருப்பானா, சிரித்திருப்பானா?

இரவாகிவிட்டது. "எதையாவது படிக்க எடுத்துப் போங்கள்" என்றார் நண்பர். பெராரி படம் போட்ட இதழைத்தான் கேட்பேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் அந்த 15.8 விநாடி இதழை எடுத்துக்கொண்டேன்.