நிரலகங்களில் பெயர் மோதலும் பெயர்வெளியின் வளர்ச்சியும்

பிறர் எழுதிவைத்த செயற்கூறுகளை எடுத்தாளும் வழக்கம் கணினி நிரலாக்கத்தில் வேரூன்றியதுமே, வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த இரு செயற்கூறுகள் ஒரே பெயரைத் தாங்கி நிற்கும் சிக்கலும் உடன் வந்தது. செயற்கூறு என்பது ஒரு பணியைச் செய்து முடிக்கும் கட்டளைகளின் தொகுதி. அத்தகைய செயற்கூறுகளைப் பலரும் பயன்கொள்ளும்படி திரட்டி வைத்திருப்பது நிரலகம். இரு நிரலகங்களை ஒரே நிரலுக்குள் இறக்கும்போது, பொதுவான ஒரு பெயர் எதைச் சுட்டுகிறது என்பதைத் தீர்மானிக்க நிரல்மொழிகள் கண்ட வழிகளின் வரலாறே இங்கு ஆராயப்படுகிறது.

ஊர்ப்பெயர் வழக்கில் இச்சிக்கலும் அதன் தீர்வும் தெளிவாகத் தெரிகின்றன. ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி செல்லும் வழியில் சத்திரப்பட்டி என்றோர் ஊர் உண்டு. விருதுநகர் மாவட்டத்தில் இராசபாளையத்தை அடுத்து, மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர்பெற்ற இன்னொரு சத்திரப்பட்டியும் உண்டு. ஒட்டன்சத்திரத்தில் பழனிப் பேருந்து ஏறிச் சத்திரப்பட்டிக்குச் சீட்டு கேட்பவரிடம் எந்தச் சத்திரப்பட்டி என்று நடத்துநர் வினவுவதில்லை, ஏனெனில் அந்த வழித்தடமே பெயரின் பொருளை வரையறுத்துவிடுகிறது. தொலைவிலிருந்து வரும் கடிதத்திற்கு அந்த வசதி இல்லை. 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண் இக்குறையை நீக்கிற்று: ஒட்டன்சத்திரத்தின் எண் 624619, பழனிச் சாலைச் சத்திரப்பட்டியின் எண்ணும் 624 என்றே தொடங்க, இராசபாளையத்துச் சத்திரப்பட்டியின் எண் 626 என்று தொடங்குகிறது. வழித்தடம் செய்யும் வேலையை நிரலாக்கத்தில், ஒரு பெயர் செல்லுபடியாகும் பகுதியாகிய வரையெல்லையும், குறியீட்டு எண் செய்யும் வேலையை, பெயர்களைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்து வைக்கும் பெயர்வெளியும் செய்கின்றன.

கேம்பிரிட்ஜில் 1949இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினிக்கென வில்க்ஸ், வீலர், கில் ஆகியோர் அமைத்து, 1951இல் நூலாகவும் விளக்கிய நிரலகத்தில் செயற்கூறுகள் காகித நாடாக்களில் துளையிட்டு வைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் வகையைக் குறிக்கும் எழுத்தாலும் வரிசை எண்ணாலும் அறியப்பட்டது. ஒரே ஆய்வகம் பெயரிட்டதால் அங்கு மோதலுக்கு இடமில்லை. தனித்தனியே மொழிபெயர்த்த செயற்கூறுகளைப் பின்னர் ஒன்றிணைக்கும் வசதியை 1958இல் ஃபோர்ட்ரான் இரண்டாம் பதிப்பு தந்தபோது, பெயருக்கு ஆறு எழுத்துகளே அனுமதிக்கப்பட்டிருந்தன. ஐபிஎம் 704 கணினியின் 36 பிட் சொல்லில் ஆறு எழுத்துகளே அடங்கின என்பது இங்குக் கருதத்தக்கது. 1979இல் வெளியான பிளாஸ் என்னும் நேரியல் இயற்கணித நிரலகத்தின் பெயர்கள் முதலெழுத்தால் எண்ணின் துல்லியத்தையும் எஞ்சிய எழுத்துகளால் பணியையும் சுட்டுமாறு சுருக்கப்பட்டதற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம். 1989ஆம் ஆண்டின் சி மொழித் தரமும் கோப்புக்கு வெளியே தெரியும் பெயர்களில் முதல் ஆறு எழுத்துகளுக்கு மட்டுமே உறுதியளித்தது. சி மொழியில் பெயர்வெளி இன்றளவும் இல்லாமையால், நிரலகத்தின் பெயரை ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் முன்னொட்டாகச் சேர்ப்பதே அங்கு வழக்கம். மோதலைத் தவிர்க்கும் சுமை முழுவதும் பெயர் வைப்பவரின் தோளில் இருந்த காலம் இது.

அச்சுமையைப் பெயரைப் பயன்படுத்துபவரும் பகிர்ந்துகொள்ளலாம் என்பதே பின்வந்த மாற்றத்தின் சாரம். 1970களின் இறுதியில் நிக்லாஸ் விர்த் உருவாக்கிய மாடுலா-2 மொழியில், கூறு எனப்படும் தனித்த நிரற்பகுதியிலிருந்து எந்தப் பெயர் வேண்டும் என்பதை இறக்குவோரே வெளிப்படையாகக் கூற வேண்டியிருந்தது. 1983இல் தரப்படுத்தப்பட்ட அடா, பெயருக்கு முன் தொகுப்பின் பெயரை அடையாக வைக்கவும் வேறு பெயர் சூட்டிக்கொள்ளவும் வழிசெய்தது. சி++ மொழிக்கான பெயர்வெளி 1993இல் தரக்குழுவால் ஏற்கப்பட்டு 1998ஆம் ஆண்டின் தரத்தில் இடம்பெற்றது.

பைதான் மொழி 1991இல் வெளிவந்தபோதே கூறுகள் அதில் இருந்தன. இறக்கும் பெயருக்கு மாற்றுப்பெயர் சூட்டும் தொடர் 2000இல் வந்த 2.0 பதிப்பில் சேர்ந்தது. ஆயினும் உடுக்குறி இட்டு ஒரு கூறின் பெயர்கள் அனைத்தையும் ஒருசேர இறக்கும் வசதி பழைய ஆபத்தைத் திரும்பக் கொண்டுவருகிறது, ஏனெனில் அவ்வாறு இறக்கும்போது பின்னர் வந்த பெயர் முன்னதை எச்சரிக்கையின்றி மறைத்துவிடும். பைதானில் இயல்பாகவே உள்ள 'சம்' என்னும் கூட்டற் செயற்கூற்றிடம் 0 முதல் 4 வரையிலான எண்களையும் -1ஐயும் கொடுத்தால், -1ஐத் தொடக்க மதிப்பாகக் கொண்டு அது 9 என விடை தரும். எண்கணக்கீட்டுக்கான நம்பை என்னும் பைதான் நிரலகத்தின் அதே பெயருடைய செயற்கூறோ -1ஐ அணியின் அச்சாகக் கருதி 10 என விடை தரும். இரண்டிலும் பிழைச்செய்தி எழுவதில்லை. நிரல் நின்றுபோவதைவிடத் தவறான விடையோடு ஓடிக்கொண்டிருப்பதே பெருங்கேடு என்பதால், பெயர் மோதலை வெறும் வசதிக்குறைவாகக் கருதுவது பொருந்தாது.

புள்ளியியலாளர்களின் ஆர் மொழி இவ்வகையில் தனித்த கவனத்துக்குரியது. 2003 முதல் தொகுப்புகளுக்குப் பெயர்வெளியை வழங்கிய அம்மொழி, ஒரு பெயர் மறைக்கப்படும்போது அதை அறிவிக்கவும் செய்கிறது. அம்மொழியோடு வரும், காலத்தொடர் எண்களை வடிகட்டும் 'ஃபில்டர்' செயற்கூறும், அட்டவணையின் நிரைகளைத் தெரிந்தெடுக்கும் டிபிளையர் தொகுப்பின் 'ஃபில்டர்' செயற்கூறும் மோதுவது அங்கு அன்றாட நிகழ்வு. அறிவிப்பைப் பலரும் படிக்காமல் கடந்தமையால், அத்தகைய மோதலைப் பிழையாகவே நிறுத்தும் விருப்பத்தேர்வு 2019இல் வந்த 3.6.0 பதிப்பில் தரப்பட்டது.

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் 2019 முதல் வரையெல்லையும் பெயர்வெளியும் இடம்பெற்றுள்ளன. ஒரு பெயரை முதலில் செயற்கூற்றுக்குள்ளும், பின்னர் அதைச் சூழ்ந்த செயற்கூற்றிலும், அடுத்து நிரல் முழுவதிலும், இறுதியில் மொழியோடு வந்த பெயர்களிலும் தேடும் ஒழுங்கை மாணவர்கள் பள்ளியிலேயே கற்கின்றனர். ஆனால் அவ்வொழுங்கால் தீராத இரு சிக்கல்கள் தமிழ் நிரலாக்கத்திலேயே காணக்கிடைக்கின்றன.

முதலாவது, தொகுப்பின் மேல்நிலையில் நிற்கும் உச்சிப்பெயரின் மோதல். எழில் என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் உடன் உழைத்த தன்னார்வலர்களும் வளர்த்த ஓபன்-தமிழ் நிரலகம், ரோமன் எழுத்தைத் தமிழாக்கும் பகுதியை 'டிரான்ஸ்லிட்டரேட்' என்னும் பெயரில் மேல்நிலையிலேயே வைத்திருந்தது. ரஷ்யம், கிரேக்கம் முதலிய மொழிகளுக்கென வேறொருவர் எழுதிய பைதான் தொகுப்பின் பெயரும் அதுவே. இரண்டையும் ஒரே கணினியில் நிறுவினால் இரண்டும் ஒரே பெயருடைய கோப்புறையை நாடுவதால், மாற்றுப்பெயர் சூட்டினாலும் பயனில்லை. பெயர்வெளியின் பெயருக்கே ஒரு பெயர்வெளி தேவைப்படும் இந்நிலையை, இணைய முகவரியைத் தலைகீழாக்கித் தொகுப்புப் பெயரின் தொடக்கமாக்கும் ஜாவாவின் மரபு ஓரளவு தவிர்க்கிறது.

இரண்டாவது, எழுத்துக்குறியாக்கம் சார்ந்தது. 2008இல் வந்த பைதான் 3.0 தமிழ்ச் சொற்களைப் பெயர்களாக ஏற்பதுடன், ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியாகவோ எகரக் கொம்பும் காலுமாகப் பிரித்தோ உள்ளிட்டாலும் ஒன்றாகவே கொள்கிறது. ஆனால் ஔகாரத்தைத் தனி எழுத்தாக உள்ளிடுவதும் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து உள்ளிடுவதும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றினும் இருவேறு பெயர்களாகும். ஜாவாஸ்கிரிப்ட்டோ முன்சொன்ன ஒகரக் குறியின் இரு வடிவங்களையும்கூட வேறுபடுத்தியே கொள்ளும். ஒரே பெயருக்கு இரு பொருள் அமைவது மட்டுமன்றி, ஒரே தோற்றத்திற்குள் இரு பெயர்கள் ஒளிந்திருப்பதும் தமிழ் நிரலகங்களில் கவனிக்கப்பட வேண்டியதாகும்.

ஆகவே, தமிழுக்கென இனி நிரலகம் எழுத முன்வருவோர் தம் கூறுகள் அனைத்தையும் தமக்கே உரிய ஒரு தாய்ப்பெயரின்கீழ் அமைக்க வேண்டும். ஔகாரப் பெயர்களை வெளியிடுமுன் அவற்றின் குறியெண்களைச் சரிபார்க்க வேண்டும்.