நவூரு - கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்

ஏழாவது படிக்கும்போது எனக்கு ஸ்டாம்ப் சேர்க்கும் பைத்தியம் பிடித்திருந்தது. அப்போ பக்கத்து வீட்டு அண்ணன் ஒருத்தர் ஒரு ஸ்டாம்ப் கொடுத்தார். கருப்பாய் நீளச் சிறகோடு ஒரு கடல்பறவை, கீழே 'நவூரு' என்று ஆங்கிலத்தில். அட்லஸை விரித்து வைத்துக்கொண்டு தேடு தேடென்று தேடினேன். பசிபிக் கடலின் நீலத்தில் ஒரு புள்ளி. ஈ உட்கார்ந்துவிட்டுப் போன தடமோ என்று விரலால் தேய்த்தும் பார்த்தேன். போகவில்லை. நிஜமாவே நாடுதான்!

பரப்பளவு 21 சதுர கிலோமீட்டர். பூமத்திய ரேகைக்குத் தெற்கே சுமார் 56 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கரையோரச் சாலையில் சைக்கிளை மெதுவாக மிதித்தாலும் ரெண்டு மணி நேரத்தில் நாட்டையே சுற்றி முடித்துவிடலாம். தலைநகரம் என்று அதிகாரபூர்வமாக எதுவும் கிடையாது. யாரென் என்ற பகுதியில் பாராளுமன்றம் இருக்கிறது, அவ்வளவுதான். ஆறு கிடையாது. கரையோரமாக ஒரு மெல்லிய பசுமைப் பட்டை, அதில் தென்னையும் தாழையும். நடுவில் மேட்டு நிலம். அதை 'டாப்சைட்' என்கிறார்கள். நம்ம கதை முழுக்க அந்த மேட்டில்தான் நடக்கிறது.

பழைய நவூரு மக்களிடம் 12 குலங்கள் இருந்தன. குலம் அம்மா வழியாகத்தான் வரும். கொடியில் இருக்கும் நட்சத்திரத்தின் 12 முனைகளும் அந்தக் குலங்களுக்காகத்தான். ஸ்டாம்பில் நான் பார்த்தது ஃப்ரிகேட் பறவை. அதைப் பிடித்துப் பழக்குவது அவர்களின் பரம்பரை விளையாட்டு. கடலோரப் பாறைத் திட்டில் பால்கெண்டைக் குஞ்சுகளைப் பிடித்து வந்து, புவாடா என்ற ஏரியில் விட்டு வளர்த்து, விசேஷங்களுக்குச் சமைப்பார்கள். பின்னாளில் வெளியிலிருந்து ஜிலேபிக் கெண்டையைக் கொண்டுவந்து விட, அது பெருகி பால்கெண்டை வளர்ப்பையே கெடுத்தது. வெளியிலிருந்து வந்ததெல்லாம் இப்படித்தான் என்று இப்போதைக்கு ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1798-ல் அந்தப் பக்கமாகப் போன ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஜான் ஃபெர்ன் இதற்கு 'இனிய தீவு' என்று பேர் வைத்தார். அப்புறம் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் வந்தன. கூடவே சாராயமும் துப்பாக்கியும் வந்தன. 1878-ல் குலங்களுக்குள் சண்டை மூண்டு பத்து வருஷம் நடந்தது. 1888-ல் ஜெர்மனி வந்து தீவைத் தனதாக்கி, துப்பாக்கிகளைப் பறித்த பிறகுதான் ஓய்ந்தது.

இப்போ தலைப்புக்கு வருவோம். சிட்னியில் ஒரு கம்பெனி ஆபீசில் கதவு அடிக்காமல் இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். நவூருவிலிருந்து யாரோ கொண்டுவந்தது. கல்லாகிப் போன மரத்துண்டு என்று நினைத்திருந்தார்கள். அங்கே வேலை பார்த்த ஆல்பர்ட் எல்லிஸுக்கு மட்டும் சந்தேகம். 1899-ல் அதைச் சோதித்துப் பார்த்தால், உயர்தர பாஸ்பேட்! உரம் தயாரிக்க உலகமே தேடிக்கொண்டிருந்த சரக்கு. தீவின் நடு மேடு முழுக்க அதுதான் என்பது பிறகு தெரிந்தது.

1907-ல் ஏற்றுமதி ஆரம்பித்தது. நில உரிமையாளருக்குக் கிடைத்தது டன்னுக்கு அரை பென்னி. ஆமாங்க, அரை பென்னி. முதல் உலகப் போரில் ஜெர்மனியிடமிருந்து ஆஸ்திரேலியா தீவைப் பிடித்துக்கொண்டது. 1919-ல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் உட்கார்ந்து பேசி 42, 42, 16 சதவீதம் என்று பாஸ்பேட்டைப் பங்கு போட்டன. மண்ணுக்குச் சொந்தக்காரனுக்கு அந்தக் கணக்கில் சதவீதமே இல்லை. உலகச் சந்தை விலையைவிடக் குறைவாக அந்த நாடுகளின் வயல்களுக்கு உரம் போனது. அந்த ஊர்ப் பச்சைப் புல்வெளிகளுக்குக் கீழே நவூருவின் மண் கிடக்கிறது.

இந்த ஜனங்கள் தலைகளை எண்ணி எண்ணி வாழ்ந்தவர்கள். 1500 பேருக்குக் குறைந்தால் இனமே அழிந்துவிடும் என்ற பயம். 1932 அக்டோபர் 26-ல் 1500-வது குழந்தை பிறந்ததும் கொண்டாடினார்கள். அதுதான் 'அங்காம்' தினம். பத்து வருஷம் கழித்து ஜப்பான்காரன் வந்தான். 1943-ல் 39 தொழுநோயாளிகளைப் படகில் ஏற்றிக் கடலில் மூழ்கடித்தார்கள். சுமார் 1200 பேரை ட்ரக் தீவுகளுக்குக் கட்டாய வேலைக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு திரும்பியவர்கள் 737. திரும்பிய நாள் 1946 ஜனவரி 31. ஒவ்வொரு தலையாக எண்ணிச் சேர்த்த கணக்கு மறுபடியும் கீழே போனது. இரண்டாவது தடவை 1500-ஐத் தொட்டது 1949-ல்.

தோண்டித் தோண்டித் தீவு வெறும் பாறை முட்களாக ஆனபோது, 1960-களில் ஆஸ்திரேலியா ஒரு யோசனை சொன்னது. 'குயின்ஸ்லாந்து பக்கம் கர்டிஸ் என்று ஒரு தீவு இருக்கு, எல்லாரும் அங்கே வந்துடுங்க.' ஹேமர் டிரோபர்ட் தலைமையில் இருந்த நவூருக்காரர்கள் மறுத்தார்கள். தனி நாடாக இருக்க முடியாத இடம் வேண்டாம் என்றார்கள். 1968-ல் விடுதலை வாங்கினார்கள். எந்த நாளில் தெரியுமா? அதே ஜனவரி 31.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள். சுரங்கத்தை 2.1 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுத்து வாங்கினார்கள். எழுபதுகளில் தலைக்கு வருமானத்தில் உலகின் முன்வரிசை. வரி இல்லை, மருத்துவம் இலவசம், படிப்பு இலவசம். சொந்த விமான கம்பெனி. 1977-ல் மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம். 1993-ல் லண்டனில் லியோனார்டோ டாவின்சி பற்றி ஓர் இசை நாடகத்துக்குக் காசு போட்டு, அது சில வாரங்களிலேயே ஊத்திக்கொண்டது. பாஸ்பேட் தீர்ந்தது. பாஸ்போர்ட் விற்றார்கள், பேருக்கு பேங்குகள் திறக்க லைசென்ஸ் விற்றார்கள். 2004-ல் மெல்போர்ன் கட்டடம் போனது. 2005-ல் மிச்சமிருந்த விமானமும் ஜப்தி. 2001-ல் இருந்தே ஆஸ்திரேலியாவுக்குள் விடாத அகதிகளை அடைத்து வைக்க இடம் கொடுத்துக் காசு வாங்க ஆரம்பித்திருந்தார்கள்.

நானும் ரொம்ப நாள் இதை ஊதாரிக் கதையாகத்தான் சொல்லித் திரிந்தேன். 'கைக்கு வந்த காசை ஆட்டம் போட்டு அழிச்சாய்ங்க' என்று டீக்கடையில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கணக்கை முழுசாகப் பார்த்த பிறகு அந்தச் சிரிப்பு வரவில்லை. விடுதலைக்கு முன்னாலேயே மேட்டு நிலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தோண்டப்பட்டுவிட்டது. அந்த நிலத்தைச் சரிசெய்து கொடு என்று 1989-ல் இந்தக் குட்டி நாடு சர்வதேச நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியா மேலேயே வழக்குப் போட்டது. 1993-ல் 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு சமரசம் ஆனது. தப்பு எதுவும் இல்லையென்றால் அவ்வளவு காசு யாராவது தருவார்களா?

வந்த காசை அவர்கள் வீணடித்தது உண்மை. தலைவர்கள் பொறுப்பில்லாமல் நடந்ததும் உண்மை. ஆனால் அறுபது வருஷம் தோண்டியவன் நல்ல பேரோடு போய்விட்டான், முப்பது வருஷம் தோண்டியவனுக்கு மட்டும் முட்டாள் பட்டம்.

2025-ல் நவூரு ஒரு லட்சத்து ஐயாயிரம் அமெரிக்க டாலருக்குக் குடியுரிமை விற்கத் தொடங்கியது. எதற்காம்? கடல் மட்டம் ஏறுவதால் கரையோர ஜனங்களை மேட்டு நிலத்துக்குக் குடிமாற்ற. எந்த மேடு? அதே டாப்சைட். தோண்டி எடுத்த அதே இடம்.

அந்த ஸ்டாம்ப் இன்னும் என்கிட்ட இருக்கு. முன்பெல்லாம் பறவையை மட்டும்தான் பார்ப்பேன். இப்போ அது உட்கார என்ன மிச்சம் இருக்கு என்றுதான் யோசனை ஓடுகிறது.