ரூபிக்கன் மலைப்பாதை



கி.மு. 49ஆம் ஆண்டில் யூலியஸ் சீசர் ரூபிக்கன் என்னும் சிற்றாற்றைத் தம் படையுடன் கடந்து இத்தாலிக்குள் புகுந்தார். மீளமுடியாத முடிவொன்றைக் குறிப்பதற்கு அவ்வாற்றின் பெயரையே மேனாட்டார் இன்றும் எடுத்தாளுகின்றனர். அப்பெயரைத் தாங்கிய மற்றோர் ஆறு அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில், சியெரா நெவாடா மலைத்தொடரிலே ஓடுகின்றது. அவ்வாற்றை ஊடறுத்துச் செல்லும் மலைப்பாதை ஒன்றின் வரலாற்றையே இன்று கூற எண்ணுகின்றேன். எல்லோருக்கும் உரிய ஒரு பாதையை அந்த எல்லோருமே சேர்ந்து அழித்துவிடாமல் காப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு அவ்வரலாறு ஒரு விடை தருகின்றது.

மேற்கே ஜோர்ஜ்ரவுண் என்னும் சிற்றூர்ப் பக்கத்திலிருந்து கிழக்கே தாகோ ஏரியை நோக்கி ஏறக்குறைய 22 மைல் நீளத்திற்குச் செல்வது இப்பாதை. வெள்ளையர் வருமுன்னரே அந்நிலத்தின் ஆதிக்குடிகள் மலையைக் கடக்க இவ்வழியில் நடந்தனர். பொன் தேடி வந்தோர் பின்னர் அதனைப் பயன்படுத்தினர். சுரங்கத் தொழிலை ஊக்குவிக்க அமெரிக்கப் பேரவை 1866ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தில் ஒரு சிறு பிரிவு இருந்தது. வேறு பொதுத் தேவைக்கென ஒதுக்கப்படாத அரசாங்க நிலத்தின் ஊடாக நெடுஞ்சாலை அமைக்கும் உரிமையை அது வழங்கிற்று. 1887ஆம் ஆண்டில் எல் டொராடோ கவுண்டி என்ற உள்ளூராட்சிப் பிரிவின் ஆட்சியாளர், இவ்வழியைப் பொதுப்பாதையெனப் பிரகடனம் செய்தனர். 1866ஆம் ஆண்டின் அப்பிரிவு 1976ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஆயினும் அதற்குமுன் நிலைபெற்ற உரிமைகள் நீங்கவில்லை. பின்னாளில் எழுந்த வழக்குகளுக்கும் வாதங்களுக்கும் வேர் இங்கேதான் இருக்கின்றது.

அக்காலத்தில் ஆற்றோரத்து ஊற்றுக்களின் கனிப்பொருள் நீரை நாடிப் பலர் வந்தனர். அங்கே ஒரு விடுதி எழுந்தது. குதிரை வண்டிகள் தாகோ ஏரிக்கரையிலிருந்து விருந்தினரை ஏற்றிவந்தன. நாளடைவில் விடுதி மறைந்தது. பாதையும் பராமரிப்பார் இன்றிப் பாறையும் பள்ளமுமாயிற்று.

அந்தப் பாறையே அதற்கு மறுவாழ்வு கொடுத்தது என்பது விந்தை. இரண்டாம் உலகப்போருக்கென ஆக்கப்பட்ட ஜீப் வண்டி, போர் முடிந்தபின் பொதுமக்கள் கைக்கு வந்தது. நான்கு சில்லுகளும் இயந்திர வலுவால் சுழலும் அவ்வண்டிக்கு, ஏனைய வண்டிகள் ஏறமாட்டாத வழியே ஏற்ற வழியாயிற்று. 1953ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஜோர்ஜ்ரவுண் மக்கள் ஒரு கூட்டுப் பயணத்தை ஒழுங்கு செய்தனர். 55 ஜீப் வண்டிகளில் 155 பேர் மலையைக் கடந்தனர். அப்பயணம் ஆண்டுதோறும் நிகழும் விழாவாக வளர்ந்தது. பாதையின் புகழ் உலகெங்கும் பரவியது.

புகழோடு கேடும் வந்தது. பனி உருகும் காலத்தில் ஈரமண்மீது சில்லு அழுந்தினால் தடம் வாய்க்காலாகிறது. மழைநீர் அவ்வாய்க்கால் வழியே மண்ணை அரித்துச் சென்று ஓடைகளிற் சேர்க்கின்றது. பெரும்பாறை ஒன்றைக் கண்டு அஞ்சுபவர் அதனைச் சுற்றிப் போக, புதிய தடம் பிறக்கின்றது. அடுத்து வருபவர் அதனையும் பாதையென்றே கொள்கின்றார். வண்டியின் அடிப்பாகம் பாறையில் மோதினால் எண்ணெய் ஒழுகுகின்றது. மேல்மண் மிகக் குறைந்த கருங்கல் நிலமாதலால் மனிதக் கழிவைப் புதைப்பதற்கும் ஆழம் போதாது.

இக்கேடு அம்மலைக்கு மட்டும் உரியதன்று. பாதை நீங்கிச் செல்லும் வண்டிகள் ஐம்பது இலட்சம் அளவில் நாட்டில் உள்ளன என்று கூறி, சனாதிபதி நிக்சன் 1972ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒரு கட்டளை பிறப்பித்தார். இத்தகைய வண்டிகளுக்கு வழி ஒதுக்கும்போது மண்ணுக்கும் நீருக்கும் தாவரத்துக்கும் நேரும் சேதத்தையும், வனவிலங்குக்கு நேரும் தொல்லையையும், ஏனைய பயணிகளுடன் எழும் பிணக்கையும் இயன்றவரை குறைக்க வேண்டும் என்பது அதன் சாரம். பெருங்கேடு விளையும் இடத்தை உடனே மூடிவிட வேண்டும் என்று 1977ஆம் ஆண்டில் சனாதிபதி கார்ட்டர் அதனை வலுப்படுத்தினார். 2005ஆம் ஆண்டில் வனத்திணைக்களம் வகுத்த விதி நெடுங்கால வழக்கத்தையே மாற்றியது. தடுக்கப்படாத இடமெல்லாம் திறந்த இடம் என்ற நிலை மாறி, தேசிய வனங்களில் வரைபடத்திற் குறிக்கப்பட்ட வழியில் மட்டுமே வண்டி செல்லலாம் என்ற நிலை உருவாயிற்று.

ரூபிக்கன் பாதைக்கோ தனிச்சிக்கல் ஒன்று இருந்தது. நிலத்தின் பெரும்பகுதி வனத்திணைக்களத்தினுடையது. பாதையோ கவுண்டியின் பொதுப்பாதை. இருவர் பொறுப்பு எவர் பொறுப்பும் இல்லாததாயிற்று. 2004ஆம் ஆண்டில் கழிவு மிகுதியால் ஸ்பைடர் ஏரிப் பகுதியில் கூடாரமிட்டுத் தங்குவது தடைசெய்யப்பட்டது. 2009ஆம் ஆண்டு ஏப்பிரலில், நீரின் தூய்மையைக் காக்கும் மாநில வட்டாரச் சபை கவுண்டிக்கும் வனத்திணைக்களத்துக்கும் ஒரு கட்டளை விடுத்தது. மண்ணும் எண்ணெயும் மனிதக் கழிவும் நீரிற் சேராமல் தடுத்துச் சீர்செய்ய வேண்டும் என்பதே அக்கட்டளை.

பாதை மூடப்படும் என்றே பலரும் அஞ்சினர். ஆனால் அது மூடப்படவில்லை. வடிகால்கள் திருத்தப்பட்டன, எல்லிஸ் ஓடைக்குப் பாலம் அமைந்தது, கிளைத்தடங்கள் அடைக்கப்பட்டன. 2012ஆம் ஆண்டில் வனத்திணைக்களம் தன் நிலத்தின் ஊடாகச் செல்லும் வழிக்கான உரிமையைக் கவுண்டிக்கு வழங்க முடிவுசெய்தது. இதனால் பொறுப்பாளர் யார் என்பது தெளிவாயிற்று. கலிபோர்ணியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இவ்வகை வண்டிகளின் பதிவுக் கட்டணத்திலிருந்தும் எரிபொருள் வரியிலிருந்தும் ஒரு நிதி பேணப்படுகின்றது. பாதையைத் தேய்ப்பவரே அதன் செலவிலும் பங்குகொள்வது நீதியன்றோ?

இவை யாவற்றினும் முக்கியமானது பயணிகளின் மனமாற்றம். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களே சங்கங்களாகக் கூடினர். கல் சுமந்து பள்ளம் நிரப்பினர். சிந்திய எண்ணெயை உறிஞ்சும் பொருள்களையும், கழிவைத் திரும்ப எடுத்துச் செல்லும் பைகளையும் உடன் கொண்டுவருமாறு ஏனையோரை வற்புறுத்தினர். “இது எங்கள் உரிமை” என்று வழக்காடிய அதே மக்கள், “இது எங்கள் வேலை” என்று கையில் மண்வெட்டி எடுத்தனர்.

பாதையை அடியோடு மூடுவதே அறம் என்போரும், எவ்விதத் தடையும் கூடாது என்போரும் அந்நாட்டில் இன்றும் உளர். அவ்வாதம் ஓயப்போவதில்லை. ஆனால் 1887ஆம் ஆண்டின் பிரகடனம் தாளில் எழுதிய உரிமையை மட்டுமே தந்தது. அவ்வுரிமை நூறாண்டுக்கு மேலும் நிலைத்ததற்குக் காரணம், அதனைப் பயன்படுத்துவோர் உரிய காலத்தில் அதன் சுமையையும் ஏற்றுக்கொண்டமையே. அரித்துச் சென்ற மண் மீண்டும் மலையேறி வருவதில்லை. அந்த எல்லையைக் கடந்துவிடுமுன் நின்று எண்ணிப் பார்த்தவர்களால், இன்றும் அவ்வழியில் வண்டிகள் செல்கின்றன. அருகே ஆறும் ஓடிக்கொண்டிருக்கின்றது.