டுசல்டோர்ஃபில் மூதாதையர் தேடல்

ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் அமைந்த டுசல்டோர்ஃப் 1288-இல் நகர உரிமை பெற்றது. இன்று வடக்கு ரைன்–வெஸ்ட்பாலியா மாநிலத்தின் தலைநகர். இவ்வூரில் வாழ்ந்து மறைந்த ஒரு மூதாதையைத் தேடப் புறப்படுபவர் பெயருக்கு அடுத்தபடியாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: அவர் எந்த ஆட்சியில் பிறந்தார், எந்தச் சமயத்தவர், ஆற்றின் எந்தக் கரையில் குடியிருந்தார். அவரைப் பற்றி ஏதாவது எழுதி வைக்கப்பட்டதா, எழுதியவர் யார், அந்த ஏடு இப்போது எங்கே இருக்கிறது என்பதெல்லாம் இவற்றைப் பொறுத்தே அமையும். பெர்க் கோமக்கள், பிஃபால்ஸ் மன்னர்கள், பிரெஞ்சுக்காரர், பிரஷ்யர், நாஜிகள் என்று ஆள வந்த ஒவ்வொருவரும் குடிமக்களைத் தத்தம் தேவைக்கு எழுதி வைத்தார்கள். பேரப்பிள்ளைகள் தேடி வருவார்கள் என்று நினைத்து எவரும் எழுதவில்லை.

பங்குப் பதிவேடுகள்

ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பங்குத்தந்தை ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபை 1563-இல் திரெந்து பொதுச்சங்கத்தில் விதித்தது. 1614-இல் இறப்பும் அதில் சேர்ந்தது. விதி வந்த வேகத்தில் ஏடுகள் வந்துவிடவில்லை. ரைன்லாந்தின் பல பங்குகளில் முப்பதாண்டுப் போர் (1618–1648) ஓய்ந்த பிறகுதான் விடுபடாத பதிவு கிடைக்கிறது. கத்தோலிக்க ஏடுகள் லத்தீனில் இருக்கும். வீட்டில் வில்ஹெல்ம் என்று கூப்பிட்ட பையன் ஏட்டில் குயிலியெல்முஸ் ஆகியிருப்பான். தேதியிலும் ஒரு பொறி உண்டு. 7 என்ற இலக்கத்துக்குப் பின்னால் ‘ப்ரிஸ்’ என்று சுருக்கி எழுதியிருந்தால் அது செப்டம்பர்; ஜூலை என்று படித்தவர்கள் குழந்தையை இரண்டு மாதம் முன்னதாகவே பிறக்க வைத்துவிடுவார்கள். ஆண்டு மார்ச்சில் தொடங்கிய பழைய ரோமானியக் கணக்கின் மிச்சம் இது.

இந்த ஏடுகளில் பெற்றோர் பெயரை விட ஞானப்பெற்றோர் பெயர்தான் பல நேரம் துப்புக் கொடுக்கும். குழந்தையைத் தூக்கிப் பிடித்தவர் பெரும்பாலும் தாத்தாவோ அத்தையோ மாமனோதான். அவர் பெயரையே குழந்தைக்கும் வைப்பது வழக்கம். நாலைந்து பிள்ளைகளின் ஞானப்பெற்றோரை வரிசையாக எழுதிப் பார்த்தால் தாய்வழி, தந்தைவழி இரண்டும் புலப்பட்டுவிடும். நகரைச் சூழ்ந்த பெர்க் நாட்டுப்புறத்தில் இன்னொரு சிக்கல்: பண்ணையின் பெயரே குடியிருப்பவரின் பெயரும் ஆகும். பண்ணை வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர் தன் பெயரை விட்டுப் பண்ணைப் பெயரை ஏற்பார். ஆகவே உடன்பிறந்த இருவர் இரு வேறு குடும்பப் பெயரில் கிடைப்பதும் உண்டு. புராட்டஸ்டாண்டுகளுக்குத் தனி ஏடுகள் இருந்தன. யூதர்களுக்கு இரண்டிலும் இடமில்லை.

ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையும்

1794-இல் ரைனின் இடக்கரையைப் பிடித்த பிரெஞ்சுக் குடியரசு, 1798-இல் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவைப் பாதிரியாரிடமிருந்து அரசு அலுவலருக்கு மாற்றியது. நகரின் பழைய பகுதி வலக்கரையில் இருந்ததால் அந்த மாற்றம் அங்கே வர 12 ஆண்டு ஆனது. 1806-இல் நெப்போலியன் பெர்க் மாகோமகவுரிமையை உண்டாக்கித் தன் மைத்துனர் யோவாகிம் முராவிடம் கொடுத்தார். 1810 ஜனவரி 1 முதல் நெப்போலியன் சட்டத்தொகுப்பும் அதோடு அரசுப் பதிவும் அங்கே நடைமுறைக்கு வந்தன. இடக்கரையிலிருந்த ஹேர்ட், ஓபர்காஸல் பகுதிகள் 1909-இல்தான் நகரோடு இணைந்தன. எனவே இன்று ஒரே மாநகராட்சிக்குள் இருக்கும் இரண்டு பேட்டைகளுக்கு இரண்டு ஆவண வரலாறுகள். இடக்கரை ஏடுகளில் 1805 முடியும் வரை குடியரசு நாட்காட்டியே வழங்கியது. ‘ஏழாம் ஆண்டு வாந்தெமியேர் 1’ என்று கண்டால் அது 1798 செப்டம்பர் 22.

பிரெஞ்சு முறைப் பதிவேடுதான் இத்துறையில் கிடைக்கும் ஆகச் சிறந்த ஆவணம் என்று துணிந்து சொல்லலாம். குழந்தை பிறந்த மூன்று நாளுக்குள் தகப்பன் நகரத் தலைவர் அலுவலகத்துக்குப் போய், குழந்தையைக் காட்டி, இரண்டு சாட்சிகள் முன்னால் அறிவிக்க வேண்டும். தகப்பனின் வயது, தொழில், குடியிருப்பு, தாயின் பிறந்த வீட்டுப் பெயர், சாட்சிகளின் வயது, தொழில் எல்லாம் ஏட்டில் ஏறும். அடியில் கையெழுத்து, எழுதத் தெரியாதவர் என்றால் அதுவும் குறிக்கப்படும். ஒரு நெசவாளியின் முதல் பிள்ளைக்குக் கையெழுத்துப் போட்ட பக்கத்து வீட்டுக்காரர் ஐந்தாவது பிள்ளைக்கும் வந்து நின்றிருந்தால், அந்தக் குடும்பம் தெருவை மாற்றவில்லை என்று ஊகிக்கலாம்.

திருமணப் பதிவு இதைவிட வளமானது. மணமகனுக்கு 25, மணமகளுக்கு 21 வயது ஆகாவிட்டால் பெற்றோர் சம்மதம் கட்டாயம். பெற்றோர் இறந்திருந்தால் தாத்தா பாட்டியின் சம்மதம் வேண்டும். அவர்களும் இல்லையென்றால் அதற்கும் சான்று வேண்டும். இதனால் ஒரே கல்யாணக் கட்டில் மணமக்களின் பிறப்புச் சான்று, பெற்றோரின் இறப்புச் சான்று, சில வேளை தாத்தா பாட்டியின் இறப்புச் சான்று, மணமகனின் படைப்பணித் தாள் என்று எல்லாம் சேர்ந்து கிடக்கும். மூன்று தலைமுறை ஒரே உறையில். பதிவேட்டை இரண்டு படியாக எழுதி ஒன்றை ஊரிலும் மற்றதை நீதிமன்றத்திலும் வைத்தார்கள். ஒன்று அழிந்தாலும் மற்றது நிற்கும். 1815-இல் வந்த பிரஷ்ய அரசும் ரைன்லாந்தில் இம்முறையைக் கைவிடவில்லை.

ஹைனேயும் வான் கெல்டர்ன் குடும்பமும்

டுசல்டோர்ஃப் பெற்றெடுத்த பெருங்கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனேக்குப் பிறப்புப் பதிவு கிடையாது. போல்கர் தெரு 53-ஆம் எண் வீட்டில் யூதப் பெற்றோரான சம்சோன் ஹைனே, பெட்டி வான் கெல்டர்ன் தம்பதிக்கு மூத்த மகனாகப் பிறந்தவர். 1797 டிசம்பர் 13 என்பது ஆய்வாளர்கள் ஒத்துக்கொண்ட நாள். பெற்றோரின் திருமணம் அந்த ஆண்டுத் தொடக்கத்தில் நடந்தது. ஹைனேயோ சில இடங்களில் 1799 என்று எழுதினார். 1800-ஆம் ஆண்டு முதல் நாளில் பிறந்ததாகவும், தான் நூற்றாண்டின் முதல் மனிதர்களில் ஒருவன் என்றும் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார். மறுத்துக் காட்ட ஏடு இல்லாதவரிடம் வேடிக்கை செல்லுபடியாகும். பன்னிரண்டு ஆண்டு தள்ளி, 1810-இல் பிறந்திருந்தால் கத்தோலிக்கக் குழந்தைக்கு அடுத்த வரியிலேயே யூதக் குழந்தையான அவர் பெயரும் ஏறியிருக்கும். 1825-இல் ஹைலிகன்ஸ்டாட் நகரில் ஞானஸ்நானம் பெற்றபோதுதான் ‘ஹாரி’ என்ற பெயர் ‘கிறிஸ்டியான் யோஹான் ஹைன்ரிஷ்’ ஆகத் திருச்சபை ஏட்டில் ஏறியது.

மூதாதையைத் தேடும் ஆசைக்கும் இந்நகரில் அவரே முன்னோடி. தாய்மாமன் சீமோன் குடியிருந்த, ‘நோவாவின் பேழை’ என்று பெயர் பெற்ற பழைய வீட்டின் பரணில் சிறுவன் ஹாரி மணிக்கணக்கில் துழாவிய கதையை அவருடைய நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1884-இல் அவை அச்சேறின. அம்மாவின் தொட்டிலில் தாத்தாவின் பொய்முடி கிடந்தது. பாட்டியின் பஞ்சடைத்த கிளி இறகு உதிர்ந்து நின்றது. தூசிக்கடியில் அகப்பட்டது ஒரு குறிப்பேடு. எழுதியவர் தாத்தாவின் அண்ணன் சீமோன் வான் கெல்டர்ன் (1720–1788). கிழக்கு நாடுகளில் சுற்றித் திரிந்து, அந்நாட்டு உடையிலேயே ஊர் திரும்பியவர். ஏட்டில் பாதி புரியாத எழுத்து; மீதியை வயதான அத்தைமார் வாய்மொழியாக நிரப்பினார்கள். எருசலேம் பயணம், பாலைவனக் கூட்டத்துக்குத் தலைமை, கொள்ளை எல்லாம் அதில் வந்தன. பையன் ஓராண்டு காலம் கனவிலும் நனவிலும் தன்னையே அந்தப் பெரிய தாத்தாவாக நினைத்துத் திரிந்தானாம்.

பிறகு வந்த ஆய்வாளர்கள் இதைக் காகிதத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். டாவிட் காவுஃப்மான் 1896-இல் ஹைனேயின் முன்னோர் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். 1937-இல் ஃபிரிட்ஸ் ஹைமான் ஆம்ஸ்டர்டாமில் இருந்து ‘செவாலியே வான் கெல்டர்ன்’ நூலைக் கொண்டுவந்தார். யூதர்களுக்குப் பங்கு ஏடு இல்லாத காலத்திலும் இக்குடும்பத்தைத் தொடர முடிந்ததற்குக் காரணம் பணமும் செல்வாக்கும்: கொள்ளுத் தாத்தா தலைமுறைக்கும் முந்தைய யோசப் யாக்கோப் வான் கெல்டர்ன், இளவரசர் யோஹான் வில்ஹெல்மின் அரசவைக்குக் கடன் கொடுத்தவர். அரண்மனைக் கணக்கில் பேர் இருந்தால் வரலாற்றிலும் இருக்கும். அதே தெருவில் பழைய துணி விற்ற யூதரின் பேரன் இவ்வளவு தூரம் பின்னோக்கிப் போக முடியாது.

ஓரக்குறிப்புகள்

1874 அக்டோபர் 1 முதல் பிரஷ்யா முழுவதும் அரசுப் பதிவகங்கள் திறந்தன. 1876 தொடக்கத்தில் ஜெர்மன் பேரரசு முழுவதற்கும் அவை விரிந்தன. அச்சிட்ட படிவம், சமயம் எழுதத் தனி இடம், பக்க ஓரத்தில் பின்னால் சேர்க்கும் குறிப்புகளுக்கு வெற்றிடம். அந்த ஓரத்தைப் படிக்காமல் எவரும் ஏட்டை மூடக் கூடாது. 1938 ஆகஸ்டில் வந்த நாஜி ஆணைப்படி, யூதர் என்று தெரிவிக்கும் பெயர் இல்லாத ஆண்கள் ‘இஸ்ரயேல்’ என்றும் பெண்கள் ‘சாரா’ என்றும் கூடுதல் பெயர் ஏற்க வேண்டும். 1939 முதல் பிறப்புப் பதிவின் ஓரத்தில் அது எழுதப்பட்டது. பிழைத்தவர்களின் ஏட்டில் 1945-க்குப் பிறகு அந்தக் குறிப்பை ரத்து செய்யும் இன்னொரு குறிப்பு அதன் கீழேயே இருக்கும்.

இன்று ஜெர்மானியக் குடும்பங்களின் அலமாரியில் கிடக்கும் ‘முன்னோர் கடவுச்சீட்டு’ என்ற சிறு புத்தகமும் அக்காலத்துச் சரக்குதான். 1933 ஏப்ரலில் வந்த அரசு ஊழியர் சட்டத்துக்குப் பிறகு, யூத இரத்தம் இல்லை என்று காட்ட இலட்சக்கணக்கானோர் பங்கு அலுவலகங்களில் வரிசையில் நின்றார்கள். எஸ்.எஸ். அதிகாரி என்றால் 1750 வரை நிரூபிக்க வேண்டும். வம்சாவளி ஆய்வு ஜெர்மனியில் ஒருபோதும் வெறும் பொழுதுபோக்காகிவிட முடியாததற்கு இதுவே காரணம். அதே ஆட்சி விட்டுப்போன இன்னொரு குவியல், நாஜி இரகசியக் காவல்துறையான கெஸ்டபோவின் டுசல்டோர்ஃப் அலுவலகம் வைத்திருந்த சுமார் 70,000 தனிநபர் கோப்புகள். மற்ற ஊர்களில் பெரும்பாலும் எரிக்கப்பட்டுவிட்டவை இங்கே தப்பின. பக்கத்து வீட்டுக்காரர் போட்ட மொட்டைக் கடுதாசிகூட அவற்றில் உண்டு. டெரென்டோர்ஃப் இறைச்சிக் கூடத்தில் கூட்டி வைத்து 1941 அக்டோபர் முதல் லோட்ஸ், மின்ஸ்க், ரீகா என்று ரயிலேற்றப்பட்ட யூதர்களின் பெயர்களை, பாட் அரோல்சனில் உள்ள சர்வதேச ஆவணக் காப்பகத்திலும் தேடலாம்.

ஏடுகள் இப்போது இருக்கும் இடம்

மாநில ஆவணக் காப்பகத்தின் ரைன்லாந்துப் பிரிவு 2014-இல் டுசல்டோர்ஃபை விட்டு டுயிஸ்புர்க் துறைமுகத்துக் கிடங்குக் கட்டடத்துக்கு மாறியது. புரூல் அரண்மனையில் இருந்த பிறப்பு, திருமண, இறப்பு ஏடுகளும் அங்கேயே போயின. நீதிமன்றப் படி அங்கே. ஊர்ப் படி டுசல்டோர்ஃப் நகரக் காப்பகத்தில். 2009-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி பிறப்புப் பதிவு 110 ஆண்டும், திருமணப் பதிவு 80 ஆண்டும், இறப்புப் பதிவு 30 ஆண்டும் பதிவகத்தில் பூட்டியிருக்கும். பிறகு காப்பகத்துக்குப் போய் எவரும் பார்க்கலாம். அதற்கு முன்னால் பதிவுக்குரியவரும் நேர்வழி முன்னோரும் சந்ததியும் வாழ்க்கைத் துணையும் கேட்டு வாங்கலாம்; மற்றவர்கள் தக்க காரணம் காட்ட வேண்டும். 2009 மார்ச் 3-இல் பக்கத்து நகரான கொலோனின் நகரக் காப்பகம் இடிந்து விழுந்தது. இரண்டு படி வைத்த பிரெஞ்சுக்காரரின் எச்சரிக்கை அன்று பலருக்குப் புரிந்தது.

கல்லறையைத் தேடி வருவோர் பெரும்பாலும் ஏமாந்துதான் போவார்கள். ஜெர்மனியில் கல்லறை நிலம் குத்தகை. தவணை முடிந்து புதுப்பிக்காவிட்டால் கல்லை அகற்றி இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். யூதக் கல்லறைகள் மட்டும் சமய விதிப்படி கலைக்கப்படுவதில்லை. தெருவாரியாகக் குடும்பத் தலைவர்களையும் தொழிலையும் அச்சிட்ட முகவரிப் புத்தகங்கள் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும். ஓர் ஆண்டுப் புத்தகத்தில் தச்சர் ஒருவர் பெயரும், அடுத்த ஆண்டில் அதே வீட்டில் அவர் விதவை என்ற குறிப்பும் இருந்தால், இறப்புப் பதிவை எந்த ஆண்டில் தேடுவது என்பது தெரிந்துவிடும். 1941-க்கு முந்திய கையெழுத்துகளைப் படிக்கப் பழைய ஜெர்மன் எழுத்து பழக வேண்டும். இன்றைய ஜெர்மானியருக்கே அது புரியாது.

தமிழ்ப் பெயர்கள்

1980-கள் முதல் இலங்கைத் தமிழர் இம்மாநிலத்தில் குடியேறினர். அவர்களின் பெயர் இந்தப் பதிவு முறையோடு இன்றும் மல்லுக்கட்டுகிறது. டச்சுக்காரர் காலத்துத் தோம்புகள் எனும் நில, குடிப் பதிவேடுகள் முதல் நம் ஏடுகளில் தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். ஜெர்மன் படிவமோ மாறாத குடும்பப் பெயரைக் கேட்கிறது. ஒருவருக்குத் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகிவிட, அவர் தம்பிக்கு வேறொரு அலுவலகத்தில் சொந்தப் பெயரே குடும்பப் பெயராகியிருக்கும். ஜெர்மன் குடியுரிமை பெறும்போது முதற்பெயர், குடும்பப் பெயர் எவை என்று தெரிவு செய்ய சட்டம் இடம் தருகிறது; அதனால் அதே ஆளின் பெயர் மறுபடி மாறலாம். 1985-இல் இங்கே பிறந்த குழந்தையின் பதிவு 2095 வரை பூட்டியிருக்கும். அதைத் திறந்து பார்ப்பவருக்குத் தாத்தாவும் பேரனும் ஒரே குடும்பம் என்று காட்ட ஓரக்குறிப்பு ஒன்றே உண்டு. வழக்கமாகக் கொடுக்கும் பிறப்புச் சான்றிதழில் அந்த ஓரக்குறிப்புகள் வருவதில்லை. பதிவேட்டின் சான்றளிக்கப்பட்ட முழு நகலைக் கேட்டு வாங்கினால்தான் அவை கிடைக்கும்.