அளக்கப்பட்ட நடை

மண் சரிந்து விழுந்ததில் முழங்காலின் சிலுவைத் தசைநார்கள் அறுந்துபோன சுரங்கத் தொழிலாளி ஒருவருக்கு, 1895-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் அவற்றைத் தைத்துச் சீர்ப்படுத்திய மேயோ ராப்சன் என்னும் சஸ்திர வைத்தியர், அம்மனிதர் நொண்டாமல் நடப்பதையும் ஓடுவதையும் சில வருஷங்கள் கழித்துக் கண்டறிந்து, 1903-ல் அதைப் பிரசுரித்தார். நொண்டவில்லை என்பதற்கு அவருக்கிருந்த பிரமாணம் கண்பார்வை ஒன்றே.

இத்தனைக்கும், அச்சிகிச்சைக்கு நான்கு வருஷம் முன்னரே, ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் பிரௌனே, ஃபிஷர் என்னும் இருவர், கறுப்பு உடை தரித்த ஒருவரின் அங்கங்களில் ஒளிவிடும் கண்ணாடிக் குழாய்களைக் கட்டி, இரவின் இருளில் அவரை நடக்கவிட்டுப் படமெடுத்து, ஒவ்வோர் அடியையும் கணிதத்துக்குள் அடக்க முற்பட்டிருந்தனர். அந்தச் சாஸ்திரமும் இந்தச் சிகிச்சையும் சந்திக்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது விசித்திரந்தான்.

இதற்கிடையே சிகிச்சை தைப்பதோடு நின்றுவிடவில்லை: 1917-ல் பிரிஸ்டல் நகரத்து சஸ்திர வைத்தியர் ஹே குரோவ்ஸ், தொடையின் சவ்வுப் பட்டையொன்றை எலும்பில் துளையிட்டுச் செலுத்திப் புதிய நாரையே உண்டாக்கினார்.

முழங்கால் ஏறக்குறைய நிமிர்ந்திருக்கையில் முன்தொடைத் தசை சுருங்கினால் கீழ்க்கால் எலும்பு முன்னே இழுபடும். அதைத் தடுப்பது முன் சிலுவைத் தசைநார். அது இல்லாதவர்களிற் பலர் அத்தசைக்கு வேலை வைக்காமலே நடக்கப் பழகிவிடுகின்றனர் என்பதை 1990-ல் அமெரிக்காவில் ஆண்ட்ரியாக்கி முதலியோர் அளந்து காட்டினர். பிற்கால ஆய்வாளர் சிலர் இவ்வழக்கம் அவ்வளவு பரவலன்று என மறுத்ததும் உண்டு. ஆயினும், புதிய நார் பொருத்தப்பட்ட பின்பும், பாதம் ஊன்றும் வேளையில் அக்காலைச் சற்றே குறைவாக மடக்கி, பாரத்தை மற்றதன்மேல் சாய்க்கும் சுபாவம் பலரிடம் மாதக்கணக்கில் நீடிப்பதை நடையை அளக்கும் கருவிகள் காட்டுகின்றன.