கேட் டிரைவர்

பெயர்ச்சொல். மாஸ்ஃபெட், ஐஜிபிடி போன்ற மின்திறன் சுவிட்சுகளின் கேட் முனைக்கு மின்னூட்டம் ஏற்றியும் இறக்கியும் அவற்றை இயக்கி நிறுத்தும் சில்லு.

கேட்: பழைய ஆங்கிலத்தில் திறப்பு, வழி. புலவிளைவு டிரான்சிஸ்டர் பற்றிய 1952ஆம் ஆண்டுக் கட்டுரையில் வில்லியம் ஷாக்லி, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனைக்கு இப்பெயரிட்டார். மற்ற இரண்டு முனைகள் சோர்ஸ், டிரெயின். கேட்டைத் தமிழில் வாயில் என்பர். தருக்கச் சுற்றுகளின் கேட்டை இலங்கைப் பாடநூல்கள் 'படலை' என்கின்றன.

டிரைவர்: பஸ் டிரைவரை நினைத்து 'ஓட்டுநர்' என்றால் பொருந்தாது. வேர்ப்பொருள், மாட்டை ஓட்டுவதுபோல் முன்னே உந்துவது. இங்கே உந்தப்படுவது மின்னூட்டம். கேட்டுக்கும் சிலிக்கானுக்கும் நடுவே மெல்லிய ஆக்சைடு காப்பு இருப்பதால் அது கெப்பாசிட்டராக நடந்துகொள்ளும். 100 நானோகூலும் மின்னூட்டத்தை 50 நானோநொடியில் ஏற்ற 2 ஆம்பியர் வேண்டும். மைக்ரோகன்ட்ரோலரின் ஒரு கால் தருவதோ சில பத்து மில்லிஆம்பியர். ஏற்றம் தாமதித்தால் சுவிட்ச் அரைகுறையாகத் திறந்து சூடேறிக் கருகும். நடுவே நின்று அந்த வேகத்தைத் தருவதே டிரைவரின் வேலை.

சென்னையில் பிறந்து, ஐஐடி மெட்ராஸில் 1969இல் பட்டம் பெற்ற பொறியாளர் ஜெயந்த் பாலிகாவின் பெயரோடு இணைந்த ஐஜிபிடிக்கும் இச்சில்லு தேவை. அதன் கேட்டுக்கு வழக்கமாக 15 வோல்ட்.

வழக்கு: "மாஸ்ஃபெட்டு நல்லாத்தான் இருக்கு. கேட்டுக்குப் பன்னண்டு வோல்ட்டு வரல, டிரைவரு போயிடுச்சு" (ரெட்டியார்பாளையம் பக்கத்து இன்வெர்ட்டர் பட்டறைப் பேச்சு).